ஊஞ்சற் பலகையில் ஒரு டாங்கி யுத்தம்

நவராத்திரி நாட்களில் ஸ்ரீரங்கத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், கொலுப் படிகளுக்குக் கீழே குழந்தைகள் தங்களுக்கென்று ஒரு சிறு ராஜ்யம் ஸ்தாபித்திருப்பதைக் காணலாம். மணலைக் குவித்து ஒரு மலை. உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடியினால் ஒரு தெப்பக்குளம். கேழ்வரகைத் தூவி முளைக்க வைத்த ஒரு வயல். சென்ற வருஷம் நம் வீட்டுக் கேழ்வரகு வயலுக்குள்ளிருந்து பதினொரு டாங்கிகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. சுண்டல் வாங்கிக்கொள்ள வந்த எதிர் வீட்டு மாமி குனிந்து பார்த்துவிட்டு, "என்ன ஸார், எருமை மாடெல்லாம் வயல்ல இறங்கியிருக்கு?" என்று விசாரித்தார். நம் வீட்டு அம்மாள் வாய் திறக்கவில்லை. மூன்று மாத காலமாகக் கூடத்தில் பசையும் அட்டையும் பித்தானும் இறைந்து கிடந்ததைச் சகித்துக்கொண்டவருக்கு, 'எருமை' என்ற அந்த ஒரு சொல் பரம திருப்தி அளித்திருக்க வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டிய பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குப் பொம்மை டாங்கி எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நம்மையே நாம் பல முறை கேட்டுக்கொண்ட கேள்விதான் அது.

மேஜையின்மேல் யுத்தம் நடத்துவது நேற்று முளைத்த பைத்தியமல்ல. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் கட்டத்துக்குள் அடக்கிச் சதுரங்கமாக்கியது நம் தேசம். பிரஷ்ய தேசத்தில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812-ஆம் வருஷம் மேடும் பள்ளமும் ஆறும் காடுமாக ஒரு மேஜையையே போர்க்களமாகச் செய்து அரசருக்குக் காட்டினார். அவருடைய குமாரர், சேனை உத்தியோகஸ்தர், 1824-ல் அதற்கு விதிகள் வகுத்து வெளியிட்டார். பிரஷ்ய ராணுவம் அதைப் பாடமாகவே ஏற்றுக்கொண்டது. அப்புறம் 1913-ல் ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ், வீட்டுத் தரையில் தகர சிப்பாய்களை நிறுத்தி, வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரத் துண்டுகளைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டுக்கு ஒரு புத்தகமே எழுதிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வெல்ஸ் பத்து வருஷத்துக்கு முன்பே, 1903-ல், தரைமேல் ஊர்ந்து வரும் இரும்புக் கப்பல்களைப் பற்றி ஒரு கதை எழுதியிருந்தார். 1916 செப்டம்பர் 15-ந் தேதி, பிரான்ஸில் ஸோம் நதிப் பிரதேசத்தில், அவை நிஜமாகவே ஊர்ந்து வந்தன.

அவற்றுக்கு 'டாங்க்' என்று பெயர் வந்த கதை பலருக்கும் தெரிந்ததே. ரகசியம் வெளிப்படாதிருக்க, தொழிற்சாலையில் இவை தண்ணீர்த் தொட்டிகள் என்று சொல்லி வைத்தார்கள். மொட்டைமாடியில் நாம் தினமும் நிரப்பும் டாங்குக்கும் யுத்த டாங்கிக்கும் அந்த வகையில் சொந்தம் உண்டு. முதல் உலக யுத்தத்துக்குப் பின் ஜெர்மனிக்கு டாங்கியே கூடாதென்று வெர்ஸேய்ல்ஸ் உடன்படிக்கை தடுத்தபோது, அவர்கள் மோட்டார் வண்டிகளின்மேல் பலகையும் துணியும் கட்டிப் பொய் டாங்கிகள் செய்து, அவற்றை ஓட்டியே யுத்தம் பழகினார்கள். அட்டை டாங்கி என்று சிரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் சங்கதிக்கு வருவோம். மலைக்கோட்டைக்கு அருகே நாம் பாடம் சொல்லும் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன்கள் ஆறு பேர், விகிதம் என்ற கணக்கு தங்கள் தலையில் ஏறவே ஏறாது என்று சத்தியம் செய்திருந்தார்கள். அவர்களை வழிக்குக் கொண்டுவரத்தான் இந்த உபாயத்தைத் தொடங்கினோம். உலகமெங்கும் இந்தப் பித்துப் பிடித்தவர்கள் அதிகமாகக் கையாளும் அளவுகளில் ஒன்று எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஆறு அடி ஓர் அங்குலமாகும். ஆறடி மனிதர் கட்டைவிரல் நுனியளவு நிற்பார். 1987-ல் கட்டி முடிந்த நம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி. இந்த அளவில் செய்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். மலைக்கோட்டைப் பாறையைச் செய்தால் அதைவிட ஒரு சாணுக்குள்தான் கூட வரும். இதைச் சொன்னதும் பையன்கள் மலையையும் கோபுரத்தையும் மனத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். விகிதம் தலையில் ஏறிவிட்டது.

ஆனால், உபாயம் அத்துடன் நிற்கவில்லை. டாங்கி வேண்டும் என்றார்கள்.

வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் பிளாஸ்டிக் மாதிரிகள் உண்டு. பாகங்களை வெட்டி எடுத்து ஒட்டினால் போதும், அச்சு அசல். விலையைக் கேட்டால் வாத்தியார் சம்பளம் நடுங்கும். மேலும், நம் ஆவடியில் பிறந்த விஜயந்தா இருக்க அயலூர் டாங்கி எதற்கு என்ற ரோஷமும் எழுந்தது. விக்கர்ஸ் என்ற ஆங்கிலக் கம்பெனியின் வரைபடத்தைக் கொண்டு, 105 மில்லிமீட்டர் பீரங்கியுடன், ஆவடித் தொழிற்சாலையில் உருவான டாங்கி அது. அட்டை வேலைக்காரனுக்கு அதில் ஒரு பெரிய சௌகரியமும் உண்டு. அந்தக் காலத்து டாங்கிகள் பலவற்றின் தலைப்பாகத்தை எஃகை உருக்கி அச்சில் வார்த்து உருண்டையாகச் செய்வார்கள். விஜயந்தாவோ தட்டையான எஃகுத் தகடுகளை வெட்டிப் பற்றவைத்துச் செய்தது. தகட்டை வெட்டிச் செய்ததை அட்டையை வெட்டிச் செய்ய முடியாதா?

அந்தத் தலைப்பாகத்தை, சுழன்று சுழன்று பீரங்கியைத் திருப்பும் கூண்டை, 'கோபுரம்' என்று மொழிபெயர்க்கத்தான் தோன்றுகிறது. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு அப்படி எழுத நமக்குத் துணிவில்லை. சுழல் கூண்டு என்றே வைத்துக்கொள்வோம்.

உடல் ஏறக்குறைய எட்டு மீட்டர்; நம் அளவில் பதினோரு சென்டிமீட்டர். பழைய காலண்டர் அட்டை அதற்குப் போதும். பக்கத்துக்கு ஆறு சக்கரமாகப் பன்னிரண்டு வேண்டும். பையன்களில் ஒருவன் தன் சட்டையைப் பார்த்தான். சட்டைப் பித்தான் சரியான அளவு! அன்று மாலையே சின்னக் கடை வீதியில் தையல் சாமான் விற்கும் கடையில் பத்து டஜன் பித்தான் வாங்கினோம். கடைக்காரர், "பள்ளிக்கூடத்துல யூனிபாரமா ஸார்?" என்றார். "ஆமாம், ராணுவ யூனிபாரம்" என்று சொல்லித் தப்பினோம். பீரங்கிக் குழாய்க்கு மை தீர்ந்த பேனா ரீபில். குழாயின் நடுவே ஒரு புடைப்பு வேண்டும். காகித நாடாவைச் சுற்றி அதைச் செய்தோம். அந்தப் புடைப்பு அழகுக்காக உள்ளதல்ல. குண்டு போனபின் குழாயில் தங்கும் விஷப் புகை, பின்கதவைத் திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் முகத்தில் அடிக்காமல், அதை வாய்ப்புறமாக வெளியே இழுத்துத் தள்ளும் ஏற்பாடு அது. இதைச் சொன்னபோதுதான், உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைவே அந்தக் கூடத்தில் முதன்முதலாக எழுந்தது. உடனே மறந்தும் போயிற்று.

எடை விஷயத்தில் ஒரு கணக்கு. நிஜ டாங்கி ஏறக்குறைய 39 டன். மாதிரியின் நீளம் எழுபத்திரண்டில் ஒன்று என்பதால் எடையும் அப்படியே குறையும் என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைகின்றனவே! எழுபத்திரண்டை மூன்று முறை பெருக்கினால் மூன்று லட்சத்து எழுபத்து மூவாயிரத்துச் சொச்சம். அதனால் வகுத்தால் நூறு கிராமுக்குச் சற்று மேல் வருகிறது. நம் அட்டை டாங்கி இருபது கிராம் தேறவில்லை. வயிற்றில் காவேரி மணலைத் திணித்து நூறு கிராமாக்கினோம். வீண் வேலை என்று சொல்பவர்கள் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். மணல் போட்டதும் பொம்மைக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது.

போர்க்களத்துக்கு, தாத்தா காலத்து ஊஞ்சற் பலகையையும் அதே நீளத்துக்கு ஒரு பழைய கதவையும் முக்காலிகள்மேல் பரப்பினோம். இங்கே ஒரு சங்கடம். டாங்கியின் அளவையே தரைக்கும் வைத்தால், ஆயிரம் மீட்டர் தூரம் சுடும் குண்டு பதினான்கு மீட்டர் போகவேண்டும். கூடத்தில் சுட்டால் எதிர் வீட்டு மாமியின் திண்ணையில் விழும். ஆகையால் தரைக்கு வேறு அளவு: ஒரு சாணுக்கு இருநூறு மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஐந்து சாண். பாய்ச்சிகைக்கு நம் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டை. இரண்டு கட்டைகளை உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். இரண்டு சாணுக்குள் இருக்கும் எதிரியை அடிக்க மூன்றும் அதற்கு மேலும் விழவேண்டும், பதினாறில் பதினொன்று. அதற்கு அப்பால் என்றால் நான்கும் அதற்கு மேலும், பதினாறில் ஏழு. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்பது தாயத்தின் சனாதன விதி. அதை மாற்ற நமக்கு அதிகாரமில்லை.

எந்த யுத்தத்தை நடத்துவது? நம் திருச்சிராப்பள்ளியே ஒரு பெரிய போர்க்களந்தான். 1751 முதல் 1754 வரையில் மலைக்கோட்டையைச் சுற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நவாபுகளின் பேரைச் சொல்லி அடித்துக்கொண்டார்கள். 1752 ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி லா தன் சேனையோடு சரணடைந்தது இதே ஸ்ரீரங்கத் தீவில். 1753-ல் பொன்மலையில் ஒரு சண்டை நடந்தது. அதையெல்லாம் பையன்களுக்கு விஸ்தாரமாகச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு, "அதுல டாங்கி கிடையாதே ஸார்" என்றார்கள். வாதம் முடிந்தது.

ஆகவே 1965 செப்டம்பர். பஞ்சாபில் கேம்கரன் பக்கத்தில் அஸல் உத்தர் என்ற கிராமம். பாகிஸ்தான் சேனை அமெரிக்காவிலிருந்து பெற்ற பாட்டன் டாங்கிகளோடு வந்தது. நம் தரப்பில் பாட்டனுக்கு மூத்த வயதுள்ள ஷெர்மன்கள், இலேசான ஏ.எம்.எக்ஸ். டாங்கிகள், ஸெஞ்சூரியன்கள். கவசப் பிரிகேடுக்குத் தலைமை வகித்தவர் பிரிகேடியர் தாமஸ் கிருஷ்ணன் தியோகராஜ். பெயரைக் கேட்டாலே நம் பக்கத்து வாசனை அடிக்கிறதல்லவா? மூன்றாவது காவல்ரி ரெஜிமெண்டின் ஸெஞ்சூரியன்களை லெப்டினென்ட் கர்னல் ஸலீம் காலெப் நடத்தினார். இருவருக்கும் மகாவீர சக்கரம் கிடைத்தது. நம்மவர்கள் கொஞ்சம் பின்வாங்கி, குதிரை லாடம் போல வளைந்து, கரும்புத் தோட்டங்களில் பதுங்கினார்கள். வாய்க்காலை உடைத்து நிலங்களில் நீரைப் பாய்ச்சினார்கள். பாட்டன்கள் லாடத்துக்குள் வந்து சேற்றில் சிக்கின. ஜீப் வண்டியில் பொருத்திய பீரங்கியோடு டாங்கிகளை எதிர்த்து நின்ற அப்துல் ஹமீது செப்டம்பர் 10-ந் தேதி உயிர்நீத்துப் பரம வீர சக்கரம் பெற்றதும் அங்கேதான். அழிந்தும் அகப்பட்டும் போன பாகிஸ்தான் டாங்கிகள் நம் தரப்புக் கணக்குப்படி தொண்ணூற்றேழு. பிடித்தவற்றை வரிசையாக நிறுத்திவைத்த இடத்துக்குப் பாட்டன் நகர் என்று பெயரே வந்துவிட்டது.

காவேரிக் கரைக்காரனுக்கு இந்த யுத்தத்தை விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் டிராக்டர் அமிழ்ந்து நான்கு ஜோடி மாடு கட்டி இழுத்ததைப் பார்த்தவர்கள் நம் பையன்கள். கரும்புக்குத்தான் கேழ்வரகு. தட்டில் மண் பரப்பி விதைத்தால் ஒரு வாரத்தில் நான்கு சென்டிமீட்டர் வளர்கிறது; நம் அளவில் ஏறக்குறைய மூன்று மீட்டர்க் கரும்பு. பாட்டனின் உயரமும் கிட்டத்தட்ட அதுதான். டாங்கியை உள்ளே வைத்துவிட்டுக் கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் ஒன்றுமே தெரிவதில்லை. டம்ளரால் நீர் வார்த்தால் நூறு கிராம் டாங்கி நிஜமாகவே அமிழ்கிறது. மணல் திணித்தது வீண் போகவில்லை!

முதல் யுத்தத்தை இப்படி நடத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு பையனின் தாத்தா அவனை அழைத்துப் போக வந்தார். லால்குடிக்குப் பக்கத்துக் கிராமம். வயது எழுபத்தைந்துக்கு மேல். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, பலகையைச் சுற்றி ஒரு பிரதக்ஷிணம் செய்தார். பிறகு, நாம் பெருமையோடு முன்வரிசையில் நிறுத்தியிருந்த வண்டியை ஒரு விரலால் தொட்டார்.

"இது விஜயந்தா இல்ல ஸார்?"

"ஆமாம் ஐயா. கண்டுபிடித்துவிட்டீர்களே!" என்றோம்.

"இது அந்தச் சண்டையில கிடையாதே. செப்டம்பர்லயே சண்டை முடிஞ்சுபோச்சு. இந்த வண்டி ஆவடியை விட்டு வெளியே வந்தது அந்த வருஷக் கடைசியில."

பி.ஏ. சரித்திரம் படித்த நமக்குக் காது வரையில் சூடேறியது. பிறக்காத குழந்தையை யுத்தத்துக்கு அனுப்பியிருந்தோம். ஆறு மாணவர்களும் வாத்தியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் 1971 யுத்தத்தில் ஸெஞ்சூரியன் ஓட்டியவர் என்று அப்போதுதான் தெரிந்தது. அவருடைய பேரனுக்கே அது தெரியாது. தாத்தா பட்டாளத்தில் லாரி ஓட்டினார் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

செய்தவற்றைக் குப்பையில் போடாமல் உருமாற்றலாம் என்று அவரே வழி சொன்னார். ஸெஞ்சூரியனுக்கும் பக்கத்துக்கு ஆறு சக்கரமே. ஆனால் அவற்றின் மேல்பாதியை மறைத்து எஃகுப் பாவாடை போல நீண்ட தகடு தொங்கும். அட்டையில் பாவாடை தைத்தோம். பித்தான் துளைகளும் மறைந்தன. தொல்லை தந்தது சுழல் கூண்டு. ஸெஞ்சூரியனின் கூண்டு அச்சில் வார்த்தது. அட்டை அந்த வளைவுக்குப் படியவில்லை. மாவு போன்ற பசையை அப்பிப் பார்த்தோம், கொழுக்கட்டையாயிற்று. முடிவில் கைகொடுத்தது நெட்டி. குளத்தில் வளரும் இந்தத் தக்கையில் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் கோயில்களைச் செதுக்குவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் திருச்சிராப்பள்ளிக்காரர்களும் நெட்டியில் கோயில் மாதிரி செய்வதில் பெயர் பெற்றவர்களே. கூரான சவரத் தகடு இருந்தால் நெட்டி வெண்ணெய் போல வெட்டுப்படும், அழுத்தினால் நசுங்கிவிடும். ஒரு கூண்டுக்கு இரண்டு மாலை பிடித்தது. பசை நீர் பூசிக் காயவைத்து, களிமண் கலந்த பச்சை வர்ணம் அடித்ததும், பெரியவர் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடியெல்லாம் ஒட்டியிருக்கு ஸார்" என்றார்.

"திறக்கிற மாதிரி செய்வது சிரமம் ஐயா. விளையாட்டுக்கு அது தேவையில்லையே" என்றோம்.

"திறக்கணும் ஸார். உள்ள நாலு பேர் இருக்கோம்ல?"

தமிழ் இலக்கணமும் சொல்லித்தரும் வாத்தியார் நாம். 'இருந்தோம்' என்று அவர் சொல்லவில்லை. 'இருப்பார்கள்' என்றும் சொல்லவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார். தளபதி கூண்டின்மேல் தலையை நீட்டியே நிற்கவேண்டும். மூடிக்கொண்டால் கரும்பில் வழி தெரியாது. நீட்டினால் தலை போகும். சுடுபவரும் குண்டு போடுபவரும் கூண்டு வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஓட்டுபவர் முன்னால் தனியே. அடிபட்ட சமயத்தில் கூண்டு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைப் பொறுத்தது அவர் கதி. பீரங்கி சரியாக மேலே வந்து நின்றுவிட்டால் மூடி எழும்பாது. "அதனால அடிபட்டதும் கூண்டைத் திருப்பிவிடுவார் எங்க கன்னர். எல்லாருக்கும் அதுக்கு நேரம் கிடைக்கிறதில்ல" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

அதுவரையில் நம் விதி இப்படி: தாயம் விழுந்து ஒரு டாங்கி அடிபட்டால், அடித்தவன் அதை விரலால் சுண்டிப் பலகைக்கு வெளியே தள்ளலாம். 'டமார்' என்று கத்தவும் அனுமதி உண்டு. பையன்கள் யுத்தத்தைக் காட்டிலும் அந்தச் சுண்டலுக்காகவே விளையாடினார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை. அன்றிரவு அந்த விதியை எடுத்துவிட்டோம். பதினொரு டாங்கிகளிலும் மூடிகளை வெட்டித் திறந்து நிறுத்தினோம். கிழிந்த தலையணையிலிருந்து பஞ்செடுத்துப் புகையாக்கினோம். இப்போது அடிபட்ட டாங்கி பலகையிலேயே நிற்கும். பின்னால் வருவதற்கு வழியை மறிக்கும். அதிலுள்ள நால்வருக்கும் தனித்தனியாகத் தாயக்கட்டை உருட்டவேண்டும். பீரங்கி நேர் முன்னே நின்றால் ஓட்டுபவருக்கு ஓர் எண் குறைவு. ஆட்டம் முடிந்தபின் எத்தனை டாங்கி வீழ்த்தினாய் என்று எண்ணுவதில்லை. எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எண்ணுகிறோம்.

இதனால் விளையாட்டு கெட்டுப்போயிற்றா? கொஞ்சம் கெட்டுப்போயிற்று என்றே சொல்லவேண்டும். முன்பு அரைமணியில் முடிந்த யுத்தம் இரண்டு மணி நேரம் இழுக்கிறது. ஆறு பையன்களில் இருவர் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். பாட்டன்களை எல்லாம் ஒரே மூச்சாகக் கரும்புக்குள் செலுத்தும் அசகாய சூரன் ஒருவன் இருந்தான். அவன் இப்போது வரப்போரத்தில் நின்று யோசிக்கிறான். உடன் ஆசிரியர் ஒருவர், குழந்தைகளுக்கு யுத்த வெறி ஊட்டுவதாக முதலில் கண்டித்தார். புதிய விதியைக் கேட்டபின், குழந்தைகளைப் பயங்கொள்ளிகளாக்குவதாகக் கண்டிக்கிறார். இரண்டு கண்டனங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். நம் ஊர்க் குழந்தைகளுக்கு இந்த விஷயம் வெகுதூரத்தில் உள்ளதுமல்ல. திருச்சியிலுள்ள பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில்தான் டாங்கிக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளுக்கு வேண்டிய டங்ஸ்டன் கலவைத் தண்டுகள் செய்கிறார்கள். காலைச் சங்கு ஊதினால் டிபன் தூக்கோடு வேலைக்குப் போகும் தகப்பனார்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் உண்டு. அந்தத் தண்டு எதைத் துளைக்கிறது என்று அறிந்துகொள்வதில் பிசகொன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. புதிய விதி வந்த அன்று சூரன் ஒரு சந்தேகம் கேட்டான்: "பாட்டன்ல இருக்கிறவங்களுக்கும் உருட்டணுமா தாத்தா?"

"அதுலயும் நாலு பேருதான் தம்பி" என்றார் பெரியவர்.

உருட்டினான். மூவர் தப்பினார்கள். ஓட்டுபவர் தப்பவில்லை.

இந்த வருஷமும் நவராத்திரிக்குப் பலகை விரிக்கிறோம். இரண்டு ஷெர்மன்களும் அப்துல் ஹமீதின் ஜீப்பும் புதிதாகத் தயாராகின்றன. ஜீப்புக்குச் சட்டைப் பித்தான் பெரிது, குழந்தைச் சொக்காய்ப் பித்தான் தேட வேண்டும். பெரியவர் லால்குடியிலிருந்து சொல்லியனுப்பியிருக்கிறார்: போன வருஷக் கரும்பு குட்டை, சுழல் கூண்டு வெளியே தெரிந்தது, அப்படியிருந்தால் பதுங்கியவன் பிழைக்கமாட்டான். ஆகவே இந்த முறை மகாளய அமாவாசைக்கு ஐந்து நாள் முன்னதாகவே கேழ்வரகை ஊறப்போட்டுவிட வேண்டும்.